சம்பந்தி வீட்டுக் கன்றுக்குட்டி

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். என் மனைவியின் முழங்கால் மட்டும் ரயில் பயணத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அங்கே எல்லோரும் சௌக்கியமா? மருமகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? என் மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால், பிரசவம் முடியும்வரை அவளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதற்கு முதலில் நன்றி.

நன்றி முடிந்தது. இனி சண்டை.

உங்கள் சமயச் சொற்பொழிவைக் கேட்க என்னை மன்றத்துக்கு அழைத்துப்போனீர்கள். முன்வரிசையில் உட்காரவைத்தீர்கள். அங்கே உட்கார்ந்தவன் எழுந்து போகவும் முடியாது, கொட்டாவி விடவும் முடியாது. அந்தச் சமயம் பார்த்து நீங்கள் சொன்னீர்கள்: "நம்ம முன்னோர் குரங்குன்னு சொல்றவங்க, ஒரு தடவை கண்ணாடியில நல்லா பாத்துட்டு வந்து சொல்லட்டும்." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என்னை வைத்துத்தான் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவருக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது; என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஐயா, நான் மிருகக்காட்சிசாலையில் மருத்துவன். தினமும் குரங்குகளின் முகத்தில்தான் விழிக்கிறேன். ஊசியைப் பார்த்ததும் ஒரு கிழட்டுக் குரங்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறதோ, பல் பிடுங்கப் போன இடத்தில் என் பெரியப்பா அப்படியேதான் வைத்துக்கொண்டார். உறவு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஜாடை இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்?

ரயில் நிலையத்தில் இதைப் பேச ஆரம்பித்தபோது, அடிதடி ஆகப்போகிறது என்று மூட்டை தூக்க வந்தவர் ஒதுங்கிப்போனார். "இதையெல்லாம் கடிதத்துல வச்சுக்குங்க" என்று நம் வீட்டுப் பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆகவே வைத்துக்கொள்கிறேன். பதில் எழுதுங்கள், பார்க்கலாம்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
குரங்கு வழி வந்த உங்கள் சம்பந்தி


மார்ச் 21

அன்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் நலம். சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு என் மனைவி ஒரு தைலம் அனுப்பியிருக்கிறாள். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். உங்கள் வேலையிடத்து வாசனைக்குப் பழகியவர் பொறுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

உங்கள் மருமகள் காலையில் நடக்கிறாள், மதியம் தூங்குகிறாள், மற்ற நேரமெல்லாம் என்னைக் கேலி செய்கிறாள். உங்கள் கடிதத்தை அவள்தான் பிரித்தாள். சமையலறையில் நின்று தன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "அப்பா, மாமா உங்கள நார் நாரா கிழிச்சிருக்காரு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். பெற்ற மகள் எந்தக் கட்சி என்று பாருங்கள்.

உங்கள் வம்சத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? என் வம்சத்தை அதில் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். முன்னோர் என்பது மூக்கும் ஜாடையும் மட்டுமல்ல. அவர்கள் செய்த நல்லதும் கெட்டதும் நம்மேல் வந்து சேர்கிறது. ஒரு பிள்ளை பிறக்கும்போதே கண் தெரியாமலோ கால் வளைந்தோ பிறக்கிறது என்றால், அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். யாரோ, எப்போதோ செய்த வினை. அப்படி இல்லையென்றால் படைத்தவன் அநியாயக்காரன் என்றல்லவா ஆகிவிடும்? அதனால்தான் எளியவர்களுக்குக் கொடுங்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். எங்கள் மன்றத்தில் தினமும் ஏலாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம். உங்கள் குரங்குகள் எந்தக் காட்டில் பந்தி வைத்தன?

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
மனித வழி வந்த உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 12

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தைலம் வந்தது. வலி போயிற்று, கூடவே பக்கத்து வீட்டுக்காரர்களும் போய்விடுவார்கள் போலிருக்கிறது. நாங்கள் அங்கே இருந்தபோது பார்த்த மருமகளின் கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பந்தி விஷயத்துக்கு வருகிறேன். ஒருவனைப் பார்த்து "உன் பாட்டன் பாவி, அதனால்தான் உனக்குக் கால் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பிறகு அவன் தட்டில் சோறு போடுகிறீர்கள். அந்தச் சோறு அவனுக்கு எப்படி இறங்கும்? என்னால் முடியாது. தட்டைத் தூக்கி உங்கள்மேல் எறிந்திருப்பேன்.

இயற்கையில் இந்த வம்பே இல்லை. பாவமும் கிடையாது, புண்ணியமும் கிடையாது. போன வாரம் எங்கள் கரடி இரண்டு குட்டி போட்டது. ஒன்று நல்ல திடம். இன்னொன்று சவலை, பின்னங்கால் வலு இல்லை. தாய் அதை ஒருமுறை முகர்ந்து பார்த்தது, மூக்கால் தள்ளி ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. கொடுமை என்பீர்கள். நான் அதுதான் நியாயம் என்பேன். பலவீனமானதைச் சுமந்துகொண்டு திரிகிற இனம் எதுவும் தேறாது. நீங்களும் நானும் இன்று உட்கார்ந்து கடிதம் எழுதுகிறோம் என்றால், வழியில் சவலைகள் உதிர்ந்துபோனதால்தான். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

இன்னும் எழுதுவேன். அந்தச் சவலைக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது. வேறு யார் கொடுத்தாலும் குடிக்கமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

பிரசவ நாள் நெருங்குகிறது. எதுவானாலும் உடனே தந்தி கொடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசீர்வாதம். கப்பலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தி கிடைத்திருக்கும். உங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். தலை நிறைய முடி. அழுகைச் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. அது எங்கள் வீட்டுக் குரல் என்று என் மனைவி சொல்கிறாள்.

தந்தியில் ஒன்றை எழுதவில்லை. குழந்தையின் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பயப்படவேண்டாம். டாக்டரம்மா பார்த்தார். "நிறைய குழந்தைங்களுக்கு இப்படி வரும். இப்பவே ஆரம்பிச்சா நிமிர்த்திடலாம். பொறுமைதான் வேணும்" என்றார். முதலில் மாவுக்கட்டு. பிறகு நீண்ட நாளைக்கு, தினமும் பாதத்தைத் திருப்பிப் பிடித்துப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கட்டை வைத்துக் கட்டவேண்டுமாம்.

மருத்துவம் டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். எனக்கு வேறு இரண்டு கஷ்டம்.

குழந்தையைக் கையில் வாங்கியதும் என் மகள் என்னைக் கேட்டாள்: "அப்பா, இது யாரு செஞ்ச வினை? நான் செஞ்சதா, நீங்க செஞ்சதா?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சின்ன வயதிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். நான் வெளியே வந்துவிட்டேன். மன்றத்தில், தொண்டை சரியில்லை, கொஞ்ச நாள் பேச வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் அப்பா எழுதிய கரடிக் கடிதம். அதை எடுத்து வைத்துக்கொண்டு, "தள்ளிவிடறதுதான் நியாயம்னு எழுதினவர் வீட்டுக்கு என் பொண்ண எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்" என்கிறாள். அதெல்லாம் விவாதத்துக்காக எழுதுவதம்மா என்றேன். "நீங்க எழுதினதும் விவாதத்துக்குத்தானாப்பா?" என்றாள்.

பெற்றவளின் சம்மதம் இல்லாமல் உங்கள் அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மிருகங்களின் கோணல் கால்களை நிமிர்த்திப் பழகியவர் அவர். அவரிடம் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அதனால் தெரிந்தவர் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி என்று எழுதப்போகிறேன். பொய்தான். இந்த வயதில் பொய் சொல்லப் பழகுகிறேன். நீங்களும் இப்போதைக்கு வீட்டுக்கு எழுதவேண்டாம்.

உங்கள் மாமா


ஜூன் 5

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தாத்தா ஆனதற்கு வாழ்த்து. பேத்தியும் மருமகளும் நலம். உடனே கிளம்பி வரவேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.

நிற்க. எனக்கு மிகவும் வேண்டியவர் வீட்டில் ஒரு கன்று பிறந்திருக்கிறது. அதன் வலது பின்னங்கால் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. இதை நிமிர்த்த முடியுமா? நிமிர்த்தும்போது அதற்கு ரொம்ப வலிக்குமா? இப்படிப்பட்ட கன்றை அதன் இனம் தள்ளிவிடுமா? சாவகாசமாக, ஆனால் சீக்கிரமாக எழுதவும்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 20

சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே ஒரே கொண்டாட்டம். யானைப்பாகனிலிருந்து வாசலில் சீட்டுக் கிழிப்பவர் வரைக்கும் இனிப்புக் கொடுத்தாயிற்று. என் மனைவி முழங்காலை மறந்துவிட்டுத் தெருவெல்லாம் நடக்கிறாள். உடனே ஓடிவர ஆசைதான். மான்களுக்கு ஏதோ தொற்று நோய். யாருக்கும் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மருமகள் தேறியதும் அவளையும் பேத்தியையும் இங்கே அனுப்பிவையுங்கள். முன்னறைக்கு வெள்ளையடித்துத் தொட்டிலும் கட்டியாயிற்று. ஆனால் பேத்தியைப் பற்றி இரண்டு வரி, கன்றுக்குட்டியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்களே, இது நியாயமா? யாரைப் போல இருக்கிறாள்?

கன்று விஷயம். அதன் எடை என்ன? தோள் உயரம் எவ்வளவு? எழுந்து நிற்கிறதா? பிறந்த கொஞ்ச நேரத்திலேயே நின்றிருக்க வேண்டும். இன்னும் நிற்கவில்லையென்றால் விஷயம் மோசம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பஞ்சு சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வலிக்கத்தான் செய்யும். உதைத்தால் நாலு பேராகப் பிடித்துக்கொள்ளட்டும்.

பசு தன் கன்றைத் தள்ளாது. நக்கிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மாட்டுக்காரர் வைத்துக்கொள்ளமாட்டார். நடக்காத மாட்டுக்குத் தீனி போட யாருக்கு மனம் வரும்? விற்றுவிடுவார்.

நம் விவாதம் என்ன ஆயிற்று? பதில் இல்லையென்றால் தோற்றதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

எல்லோரும் நலம். மான்கள் தேறிவருகின்றனவா? பேத்திக்கு உங்கள் வீட்டு மூக்கு, எங்கள் வீட்டுத் தொண்டை.

கன்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடை, ஒரு நல்ல பூனையைவிடச் சற்று அதிகம் இருக்கும். தோள் உயரம் அளக்க முடியவில்லை. எப்போதும் படுத்தேதான் இருக்கிறது. நிற்கும் உத்தேசம் அதற்கு இருப்பதாகவே தெரியவில்லை. பால் குடித்தபின் தோளில் போட்டு முதுகைத் தட்டவேண்டும், இல்லையென்றால் கக்கிவிடும். குளிப்பாட்டும்போது கைகளை இறுக மூடிக்கொண்டு அழுகிறது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

அதை விற்கமாட்டார்கள். அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்லமுடியும். அதன் தாய்தான் முன்போல் இல்லை. யாரோடும் அதிகம் பேசுவதில்லை. யாராவது கன்றைப் பார்க்க வந்தால் காலைத் துணியால் மூடிவிடுகிறது.

விவாதத்தில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வி. உங்கள் படிப்பின்படி, இப்படி ஒரு கால் திரும்பிப் பிறந்தால் அது யாருடைய தவறு? தாயுடையதா? தாயைப் பெற்றவருடையதா? என் பதிலை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பதில் எனக்கே இப்போது உதவவில்லை. உங்களுடையதைச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 29

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குப் பொறுத்துக்கொள்ளவேண்டும். உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். என் மனைவியும் படித்தாள். படித்துவிட்டு, "ஏங்க, மாடு பேசமாட்டேங்குதுன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்காரே சம்பந்தி" என்றாள். பிறகு கடிதத்தை மடித்து முன்னறைத் தொட்டிலில் வைத்துவிட்டு வந்தாள்.

கன்றுக்கு நான் எழுதிய வைத்தியத்தைச் செய்யவேண்டாம். அது வேறு கன்றுகளுக்கு. இந்தக் கன்றை எந்த டாக்டர் பார்க்கிறாரோ அவர் சொல்கிறபடி மட்டும் நடக்கவேண்டும். இங்கே எனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கன்றுக்கு எதற்கு அவரிடம் போனேன் என்று நீங்கள் கேட்கக்கூடாது. சீக்கிரம் ஆரம்பித்துவிட்டதால் நன்றாக நிமிரும், ஓடும், துள்ளும் என்றார்.

உங்கள் கேள்விக்கு என் படிப்பு சொல்கிற பதில் மிகச் சின்னது: யாருடைய தவறும் இல்லை. ஏன் இப்படி ஆகிறது என்று எங்களுக்கு முழுதாகத் தெரியாது. நல்லபடி சாப்பிட்டு, நல்லபடி நடந்துகொண்ட தாய்க்கும் இப்படிப் பிறக்கும். தாய் ஒன்றும் செய்யவில்லை. தாயைப் பெற்றவரும் ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தாயிடம் இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள்.

ஏப்ரல் மாதம் நான் எழுதிய கரடிக் கதைக்கும் வருகிறேன். அதை என் மனைவியிடம் இப்போதுதான் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தாய் தள்ளினத எடுத்து வளக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க? தள்ளறதுதான் நியாயம்னா நாளைலேருந்து வேலைக்குப் போகாதீங்க" என்றாள். கரடி செய்ததைப் பார்த்து எழுதினேன். அது தள்ளிய குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய என்னை நான் பார்க்கவில்லை. அந்தச் சவலைக் குட்டி இப்போது என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, பிடிக்க முடியவில்லை. வாய்க்கு வந்ததை எழுதுகிற கிழவன் ஒருவனை அந்தத் தாய் மன்னிப்பாளா என்று தெரியவில்லை.

கன்றுக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். எலும்பு மருத்துவர் வரைந்து கொடுத்தபடி, செருப்புத் தைப்பவரின் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்து வாங்கியது. உள்ளே மெத்தென்ற துணி வைத்திருக்கிறோம். மாவுக்கட்டு பிரித்தபின், உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடவும்.

உங்கள் சம்பந்தி


செப்டம்பர் 16

அன்புள்ள மாமாவுக்கு,

நமஸ்காரம். நானும் பாப்பாவும் நலம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பொட்டலத்தைப் பிரித்தேன். என் உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு குட்டிப் பூட்ஸ், நடுவில் ஒரு கட்டை. மாமா, எந்த ஊரில் கன்றுக்குட்டி பூட்ஸ் போடுகிறது? அப்பா அதைப் பார்த்துவிட்டு, "சம்பந்திக்கு மாட்டு வைத்தியம் மறந்துடுச்சு போல" என்றார். அவருக்குப் பொய்தான் சொல்ல வரவில்லை என்று பார்த்தால், பிடிபட்டது கூடப் புரியவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பா எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டாவது முறை அவரால் படிக்க முடியவில்லை. நானே வாங்கிப் படித்தேன். மாமா, இத்தனை மாதமும் நான் எந்தக் குற்றத்தைச் செய்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். மாடிப்படி வேகமாக ஏறினது, அம்மாவிடம் எரிந்து விழுந்தது என்று ஒன்று விடாமல் யோசித்தேன். இப்போது தேடவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை.

உங்கள்மேல் கோபமாகத்தான் இருந்தேன். கரடிக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன், என்றைக்காவது உங்கள் முகத்துக்கு நேராகப் படித்துக் காட்டலாம் என்று. அன்று மறுபடி எடுத்துப் படித்தேன். கடைசியில் புட்டிப்பால் கொடுக்க ஓடுகிறீர்கள். அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை.

அப்பா போன வாரம் மன்றத்துக்குப் போனார். நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன், காலை மூடவில்லை. மேடை ஏறினார். "பிறவியிலேயே குறையோட பொறக்கறது வினைன்னு இங்க நின்னு பல தடவை சொல்லியிருக்கேன். அது எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். கொடுங்கன்னு சொன்னது மட்டும் சரி" என்றார். கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து நின்று, கால் விளங்காத தன் மகனைக் காட்டி, "இத்தன வருஷமா உங்க சாப்பாட்ட மட்டும் வாங்கிட்டு, பேச்சு தொடங்கறதுக்குள்ள போயிடுவோம். இன்னிக்குத்தான் உக்காந்து கேட்டோம்" என்றார். அப்பா அழுதுவிட்டார். இப்போது மறுபடியும் மாடியில் உரக்கப் பேசிப் பழகுகிறார். அந்தச் சத்தம் கேட்டால் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கிறாள்.

இப்போது நான் கேட்க வந்தது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று. தினமும் காலையில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகு பூட்ஸைப் போடவேண்டும். டாக்டரம்மா எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார். அவள் அலறுகிற அலறல் தாங்கமுடியவில்லை. அப்பா தெருக்கோடிக்குப் போய் நின்றுகொள்கிறார். அம்மா பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் மட்டும்தான் பிடிக்கிறேன். சில நாள் அவள் அழுகிறாளே என்று சீக்கிரம் விட்டுவிடுகிறேன். விட்டால் கால் பழையபடி திரும்பிவிடும் என்று தெரிந்தே விடுகிறேன்.

நீங்கள் கடிக்கிற மிருகத்தையெல்லாம் பிடித்து வைத்தியம் செய்கிறவர். என் பெண்ணின் காலைப் பிடிப்பீர்களா? அவள் எவ்வளவு அழுதாலும் விடாமல் பிடிப்பீர்களா? முடியும் என்றால் எழுதுங்கள், நாங்கள் வருகிறோம். இங்கே எப்படிப் பிடிக்கவேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக்கொடுப்பார், அங்கே உங்கள் எலும்பு மருத்துவரிடமும் காட்டிக்கொள்ளலாம். முடியாது என்றாலும் எழுதுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 27

அன்பு மருமகளுக்கு,

எந்த ரயில்?

மாமா

(பின்குறிப்பு: அத்தை எழுதுகிறேன். முழங்கால் நலம். உன் கடிதம் வந்ததிலிருந்து இவர் ஒரு துணிப் பொம்மையின் காலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். அதன் கால் தனியாக வந்துவிட்டது. நீ பயப்படாதே, மறுபடி தைத்துக் கொடுத்திருக்கிறேன், இப்போது மெதுவாகத்தான் திருப்புகிறார்.)


அக்டோபர் 14

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளும் நம் பேத்தியும் நேற்றுப் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். பயணத்தில் ஒரு சிரமமும் இல்லை. நீங்களும் சம்பந்தியம்மாவும் வீடு வெறிச்சோடிப் போனது போல் உணர்வீர்கள், தெரியும். மூக்கு என்னுடையதுதான். அதில் விவாதமே கிடையாது.

இன்று காலை ஆரம்பித்தோம். மருமகள் எப்படிப் பிடிக்கவேண்டும் என்று இரண்டுமுறை காட்டிவிட்டு, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். என் மனைவி வாசற்படியில் நின்றாள். சம்பந்தி, நான் கரடிக்குப் பல் பிடுங்கியிருக்கிறேன். முதலையின் வாய்க்குள் கை விட்டிருக்கிறேன். இந்தப் பாதத்தைப் பிடிக்க விரலை மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்தேன். என் உள்ளங்கை நீளம்கூட இல்லை அது. அவள் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் திருப்பியதும் அந்தச் சிரிப்புப் போய், நம்பமுடியாத மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு அலற ஆரம்பித்தாள். விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. பக்கத்து அறையிலிருந்து "விடாதீங்க மாமா, விடாதீங்க" என்று உங்கள் மகள் கத்தினாள். நான் விடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்து மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை. என் மனைவிதான் வந்து துடைத்துவிட்டாள்.

அழுகையை அமர்த்த ஏதாவது பேசுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். நம் முன்னோர் மரத்திலிருந்து எப்படி இறங்கி வந்தார்கள் என்று எடுத்துச் சொன்னேன். இன்னும் பலமாக அழுதாள். மருமகள் வந்து, "அங்க அப்பா குரல் கேட்டா அழுகைய நிறுத்துவா மாமா" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அதனால் அடுத்த ரயிலில் நீங்களும் சம்பந்தியம்மாவும் கிளம்பி வரவேண்டும். முன்னறையைக் குழந்தை எடுத்துக்கொண்டுவிட்டது; நாம் கூடத்தில் படுத்துக்கொள்ளலாம். தெருக்கோடிக்குப் போய் நிற்கிற வேலையெல்லாம் இங்கே நடக்காது. என் பக்கத்தில், அவள் முகத்துக்கு நேராக உட்காரவேண்டும். உட்கார்ந்து பேசவேண்டும். படைத்தவனைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் வம்சத்தின் பெருமையைச் சொல்லுங்கள், என் முன்னோரைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லுங்கள். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டேன். என் இரண்டு கையிலும் அவள் கால் இருக்கும்.

உங்கள் சம்பந்தி